எல்லை தாண்டும் மார்கழி வேட்டை

அமெரிக்க ஐக்கிய நாட்டில் காட்டு மான் எவருக்கும் தனியுடைமை ஆகாது. அது மேய்கிற சோளக்கொல்லை ஓர் உழவரின் சொந்த நிலமாக இருக்கலாம். அவர் வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் தெரியும் தொலைவில் அது நாள்தோறும் வந்து நிற்கலாம். ஆயினும் மான் அந்த மாநில மக்கள் அனைவருக்கும் பொது, அதன் காப்பாளர் மாநில அரசு என்பதே அந்நாட்டு வேட்டைச் சட்டங்களின் அடித்தளம். ஐம்பது மாநிலங்களும் ஐம்பது காப்பாளர்களாக நிற்பதால், எந்த மாதத்தில், எந்த ஆயுதத்தால், எத்தனை மான்களை, என்ன கட்டணம் செலுத்திச் சுடலாம் என்பதை ஒவ்வொரு மாநிலமும் தனக்கென வகுத்துக்கொள்கிறது. ஆகவே மின்னசோட்டாவில் வாழும் ஒருவர் தெற்கே சில மணி நேரம் வண்டியோட்டி அயோவாவுக்குள் நுழையும்போது, மானின் கண்ணுக்கு ஒரு சோளத்தட்டைக்கும் அடுத்த சோளத்தட்டைக்கும் இடையே புலப்படாத அந்தக் கோட்டைக் கடந்த அளவிலேயே, காப்பாளர் வீட்டுப் பிள்ளை என்னும் நிலையை இழந்து வெளியார் ஆகிவிடுகிறார். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மான் வேட்டை என்பதே குற்றமாகிவிட்ட நாட்டில் வாழும் தமிழ் வாசகருக்கு, வேட்டையை அரசே பட்டியலிட்டு, கட்டணம் விதித்து, குலுக்கல் நடத்திப் பங்கிட்டுக் கொடுக்கும் இந்த ஏற்பாடு விந்தையாகவே தோன்றும்.

வெளியார் பயணங்களுள் கடும்பனியில் நிகழ்வது கடைப்பருவ வேட்டை. அமெரிக்காவில் மிகுதியாக வேட்டையாடப்படுவது வெண்வால் மான். ஓடும்போது வாலைத் தூக்கி அதன் அடிப்பக்க வெண்மையைக் கொடிபோல் காட்டுவதால் வந்த பெயர் இது. வட மாநிலங்களில் இதன் வேட்டை பெரும்பாலும் செப்டம்பர் இறுதியிலோ அக்டோபரிலோ வில்லம்போடு தொடங்குகிறது. நவம்பரில், பகற்பொழுது சுருங்குவதை உடல் உணர்ந்து, கலை எனப்படும் ஆண்மான்கள் பிணை எனப்படும் பெண்மான்களைத் தேடி அலையும் இணைசேர் காலம் வருகிறது. எச்சரிக்கை மறந்து பட்டப்பகலிலும் கலை வெளியே திரிவதால் வேட்டைக்காரர் பலரும் தங்கள் விடுமுறையை இந்தச் சில வாரங்களுக்கே ஒதுக்குகின்றனர். அதன்பின் துப்பாக்கிப் பருவம். இவை யாவும் முடிந்து, கூட்டம் கலைந்து, பனி விழுந்தபின் திசம்பர் நடுவிலிருந்து சனவரி வரை எஞ்சும் நாட்களே கடைப்பருவம். அயோவா மாநிலத்தில் இது திசம்பர் மூன்றாம் வாரத்தையொட்டித் தொடங்கிச் சனவரி 10 அன்று முடிகிறது. தமிழ் நாட்காட்டியில் முழுக்க முழுக்க மார்கழிக்குள் அடங்கிவிடும் காலம்.

மான் இன்று அங்கே மலிந்து கிடப்பதால் அது என்றும் அப்படியே இருந்தது என்று எண்ணிவிடக் கூடாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்குள், இறைச்சிக்கும் தோலுக்குமாகச் சந்தைக்கு வேட்டையாடியவர்களும் காட்டை அழித்து வயலாக்கியவர்களும் சேர்ந்து வெண்வால் மானை நாடு முழுவதிலும் சில லட்சம் என்னும் அளவுக்குக் குறைத்துவிட்டனர். அயோவாவில் மான் கண்ணுக்கே படாத நிலை வந்தபின், 1898இல் வேட்டைப் பருவம் மூடப்பட்டது. மீண்டும் அது திறக்கப்பட்டது 1953இல்தான். இடைப்பட்ட அரை நூற்றாண்டு முழுவதும் மானுக்கு ஓய்வு. இன்று நாடு முழுவதும் ஏறத்தாழ மூன்று கோடி மான்கள் உள்ளன என்று மதிப்பிடப்படுகிறது. அயோவாவில் மட்டும் ஆண்டுக்கு ஒரு லட்சம் என்னும் அளவில் வேட்டையாடப்படுகின்றன. ஒரு மாநிலத்துச் சட்டத்தை மீறிக் கொன்ற விலங்கை எல்லை கடத்தினால் அது நடுவண் அரசின் குற்றமும் ஆகும் என்று விதித்த 1900ஆம் ஆண்டின் லேசி சட்டம், அயோவாவிலிருந்து தேர்வான நாடாளுமன்ற உறுப்பினர் ஜான் லேசியின் முயற்சியால் வந்தது. மான் ஒழிந்துபோன மாநிலத்திலிருந்து அத்தகைய சட்டம் பிறந்ததில் வியப்பில்லை. வெளியூர் வேட்டைக்காரர் ஒவ்வொருவரும் இன்றளவும் அஞ்சும் சட்டம் அதுதான்.

வெளியாருக்குத் தனிக் கட்டணம் விதிப்பது முறையா என்னும் வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை சென்றிருக்கிறது. மொன்டானா மாநிலத்தில் உள்ளூர்க்காரர் ஒருவர் 9 டாலருக்கு வாப்பிட்டி மான் உரிமம் வாங்கக்கூடிய காலத்தில், வெளியார் வேறு சில விலங்குகளையும் சேர்த்துக் கட்டிய ஒரே உரிமத்தை 225 டாலர் கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. குடிமக்கள் அனைவரும் எந்த மாநிலத்திலும் சமமாக நடத்தப்பட வேண்டும் என்னும் அரசியல் சட்ட விதியை இது மீறுகிறது என்பது வழக்காடியவர்களின் வாதம். 1978இல் தீர்ப்பளித்த நீதிமன்றம், பிழைப்புக்கான தொழிலைப் போலன்றிப் பொழுதுபோக்கு வேட்டை நாட்டின் ஒற்றுமைக்கு இன்றியமையாத உரிமை அன்று என்று கூறி மாநிலத்தின் பக்கமே நின்றது. அதன்பின் மாநிலங்களுக்குத் தயக்கமே இல்லை.

அயோவா அந்தத் தயக்கமின்மைக்கு நல்ல சான்று. கலையோ பிணையோ எதையும் சுட இசைவு தரும் உரிமங்களை அது வெளியாருக்கு ஆண்டொன்றுக்கு 6,000 மட்டுமே தருகிறது. அவற்றிலும் வில்வேட்டைக்கு 35 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது என்று சட்டமே வரையறுக்கிறது. மே மாதத்தில் தொடங்கும் விண்ணப்பத்தில் மண்டலம் எது, பருவம் எது என்பதை முன்கூட்டியே தேர்ந்து குறிக்க வேண்டும், அதன்பின் குலுக்கல். பெயர் வராதவருக்கு ஒரு முன்னுரிமைப் புள்ளி வழங்கப்படும். புள்ளிகள் ஆண்டுதோறும் சேர்ந்து, மிகுதியாக வைத்திருப்பவர் வரிசையின் முன்னே நிற்பார். பெருங்கொம்பு மான்களுக்குப் பேர்போன தென் மண்டலங்களில் நவம்பர் வில்வேட்டைக்கு இவ்வாறு நான்கைந்து ஆண்டுகள் காத்திருப்பது வழக்கமாகிவிட்டது. கடைப்பருவத்துக்கான காத்திருப்போ பொதுவாக அதைவிடக் குறைவு. கிடைத்தபின் செலுத்த வேண்டிய தொகை, வேட்டை உரிமம், வாழிடக் கட்டணம், கட்டாயமாகச் சேர்த்து வாங்க வேண்டிய கொம்பற்ற மானுக்கான சீட்டு ஆகியவற்றோடு 600 டாலரைத் தாண்டும். உள்ளூர்க்காரர் செலுத்துவது அதில் ஒரு சிறு பகுதியே.

இந்தத் தொகையைக் கண்டு வெளியார் முணுமுணுப்பது இயல்பு. ஆயினும் ஆண்டு முழுவதும் அந்த மானுக்குச் சோயாவையும் சோளத்தையும் பறிகொடுப்பவரும், இரவில் நெடுஞ்சாலையில் அதன்மீது வண்டியை மோதிச் சேதம் அடைபவரும் பெரும்பாலும் உள்ளூர்க்காரரே என்பதை எண்ணினால் முணுமுணுப்பின் நியாயம் பாதியாகக் குறையும். மாநிலத்தின் கணக்கிலும் வெளியார் வெறும் விருந்தாளி அல்லர். 1937ஆம் ஆண்டின் பிட்மன் ராபர்ட்சன் சட்டப்படி வேட்டைத் துப்பாக்கிகள்மீதும் தோட்டாக்கள்மீதும் விதிக்கப்படும் 11 விழுக்காடு வரி, காட்டுயிர்ப் பணிகளுக்காக மாநிலங்களுக்குப் பிரித்துத் தரப்படுகிறது. அந்தப் பங்கீடு மாநிலத்தின் பரப்பையும் அங்கே உரிமம் வாங்கியவர்களின் எண்ணிக்கையையும் வைத்தே செய்யப்படுகிறது.

குலுக்கலில் தோற்றவருக்கு இன்னொரு வழியும் உண்டு. பிணைகளின் எண்ணிக்கையைக் குறைக்க ஒவ்வொரு கவுன்ட்டிக்கும், அதாவது நம் மாவட்டத்தை ஒத்த ஆட்சிப் பகுதிக்கும், ஒதுக்கப்பட்ட கொம்பற்ற மான் சீட்டுகள் விற்காமல் எஞ்சினால், திசம்பர் 24 முதல் சனவரி 2 வரை அவற்றை வெளியாரும் வாங்கிக்கொள்ளலாம். கிறிஸ்துமஸுக்குப் பெற்றோர் வீட்டுக்கு வரும், வேறு மாநிலத்தில் குடியேறிவிட்ட மகனுக்கோ மகளுக்கோ இது ஒரு சலுகை போலவே அமைந்திருக்கிறது. பிறந்த ஊரின் மானையே வெளியாராக நின்று கேட்டு வாங்க வேண்டியிருப்பது வேறு செய்தி.

கடைப்பருவத்தின் முதன்மை ஆயுதம் வாய்வழி மருந்திடும் துப்பாக்கி. குழலின் முன்வாயில் கருமருந்தைக் கொட்டி, குண்டை வைத்து, இடிகோலால் இடித்து இறுக்கி, ஒரே ஒரு முறை சுடக்கூடிய இந்த வகையைத் தமிழகத்தார் நாட்டுத் துப்பாக்கி என்று அறிவர். நரிக்குறவர் தோளில் பல தலைமுறைகளாகக் கிடந்தது இதே வகைதான். அமெரிக்காவில் இது பழமைக்காகப் போற்றப்படுவதோடு, ஒரு நிருவாகக் கருவியாகவும் பயன்படுகிறது. ஒரு குண்டு தவறினால் மறுகுண்டு ஏற்றுவதற்குள் மான் மறைந்துவிடும் என்பதால், பருவத்தை நீட்டித்தாலும் கொலை எண்ணிக்கை கைமீறிப் போவதில்லை. அயோவா போன்ற சமவெளி மாநிலங்களில் நெடுந்தொலைவு பாயும் ரைஃபிள்களைப் பண்ணை வீடுகளின் பாதுகாப்புக் கருதி மான் வேட்டைக்கு நெடுங்காலம் இசைவளிக்காமல் இருந்ததும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. தொலைநோக்கி பொருத்திய இன்றைய மருந்திடு துப்பாக்கி, பயின்ற கையில் நூற்றைம்பது மீட்டர் வரை குறி தவறாது. நரிக்குறவர் வைத்திருந்ததற்கும் அதற்கும் பெயரளவில்தான் உறவு என்றுகூடச் சொல்லிவிடலாம்.

இந்தத் துப்பாக்கியோடு பயணம் செய்வதில் ஒரு முட்டுக்கட்டை உண்டு. விமானத்தில் துப்பாக்கியைக் குண்டேற்றாமல், பூட்டிய கெட்டிப் பெட்டியில் வைத்து, பதிவு மேடையில் வாய்விட்டுச் சொல்லி, சரக்கறையில் ஏற்றிவிடலாம். சாதாரணத் தோட்டாக்களும் ஐந்து கிலோ வரை பொதுவாக ஏற்கப்படுகின்றன. கருமருந்தோ, அதைப் பற்றவைக்கும் கேப்போ எந்தப் பையிலும் விமானம் ஏறக்கூடாது. ஆகவே வந்து இறங்கியவரின் முதல் வேலை ஊரில் மருந்து விற்கும் கடையைத் தேடுவது. தனக்குப் பழகிய வகை கிடைக்காவிட்டால், வேறு மருந்துக்கு ஏற்பக் குண்டு எங்கே விழுகிறது என்பதை வேட்டைக்கு முன் சுட்டுப் பார்த்துத் திருத்தியாக வேண்டும். இந்தத் தொல்லைக்காகவே இரண்டு நாள் ஆனாலும் வண்டியிலேயே வருபவர் பலர். அவர்களுக்கு 1986ஆம் ஆண்டின் நடுவண் சட்டம் ஒன்று துணை நிற்கிறது: புறப்படும் இடத்திலும் சேரும் இடத்திலும் துப்பாக்கி வைத்திருப்பது முறையானதாக இருந்து, அது குண்டேற்றப்படாமலும் பயணிகளின் கைக்கு எட்டாத இடத்திலும் இருக்குமானால், இடையில் உள்ள மாநிலங்களின் கடுமையான விதிகள் அவரைத் தடுக்கா.

அயோவா நிலத்தில் ஏறத்தாழ 97 விழுக்காடு தனியாருடையது. மான் பொதுவுடைமை, அது நிற்கும் மண் தனியுடைமை என்னும் இந்த முரண்பாட்டில்தான் வெளியாரின் செலவில் பெரும்பகுதி கரைகிறது. உழவரிடம் கேட்டு இசைவு பெறுவது பழைய முறை. நிலத்தை ஆண்டுக் குத்தகைக்கு எடுப்பதும், தங்குமிடத்தோடு வழிகாட்டியும் தரும் நிறுவனத்தாரை அமர்த்துவதும் இன்றைய முறைகள். நில உடைமையாளருக்கு வாழிட மேம்பாட்டு உதவி அளித்து அவர் நிலத்தைப் பொது வேட்டைக்குத் திறந்துவிடச் செய்யும் திட்டம் ஒன்றையும் மாநிலம் நடத்துகிறது. கையில் பணம் குறைந்தவர் அங்கேயும் சிறிய அரசு நிலங்களிலும் நடந்து திரிவர். இந்தக் காலத்தில் அங்கே கூட்டம் இராது.

குளிர்தான் கடைப்பருவத்தின் தனிப் பாடம். இணைசேர் காலத்தில் உண்ண மறந்து அலைந்த கலை, உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரை இழந்து திசம்பருக்குள் மெலிந்து நிற்கும். இனி அதன் கவலை முழுவதும் வயிற்றைப் பற்றியதே. உள்ளீடற்ற மயிர்களால் ஆன குளிர்காலப் போர்வை உடல் வெப்பத்தைக் காக்கிறது. நடமாட்டத்தையும் உணவுத் தேவையையும் உடல் தானாகவே குறைத்துக்கொள்கிறது. கதிரவன் படும் தென்சரிவிலோ காற்றுப் படாத மரச்செறிவிலோ பகலெல்லாம் படுத்திருந்துவிட்டு, அந்திக்குச் சற்று முன்னே எழுந்து, அறுவடை ஆகாமல் விடப்பட்ட சோளத்தையோ சோயாவையோ நோக்கி மான் நடக்கும். எனவே கடைப்பருவ வேட்டைக்காரர் மானைத் தேடி அலைவதில்லை. தீனியைக் கண்டுபிடித்து, காற்று தன் வாடையை மான் வரும் திக்குக்குக் கொண்டுபோகாத பக்கத்தில் மறைப்பிடம் அமைத்து, காத்திருக்கிறார். தட்பநிலை சுழியத்துக்குப் பத்துப் பதினைந்து பாகை கீழே இறங்கி வடக்கிலிருந்து வாடை வீசும் மாலைதான் அவர்களுக்கு நல்ல மாலை. குளிர் கூடக்கூட மானின் பசியும் கூடி, இருட்டும்வரை பொறுக்காமல் வெளியே வந்துவிடும். சட்டம் அனுமதிக்கும் நேரம் கதிரவன் மறைந்த அரைமணியில் முடிந்துவிடுகிறது. அந்த அட்சரேகையில் அந்நாட்களில் பகல் என்பதே ஒன்பது மணி நேரம்தான். இந்தக் குளிரில் மருந்திடு துப்பாக்கிக்காரர் கடைப்பிடிக்கும் ஒரு வழக்கம் உண்டு: மாலையில் வெப்பமூட்டிய அறைக்குத் திரும்பும்போது துப்பாக்கியை உள்ளே கொண்டுவருவதில்லை. சில்லிட்ட குழலில் அறையின் ஈரம் படிந்து மருந்து நனைந்துவிட்டால், மறுநாள் மான் வந்து நிற்கும்போது விசையின் சொடுக்கு மட்டுமே கேட்கும்.

எல்லாக் கடைப்பருவமும் இப்படிப் பனியில் முடிவதில்லை. அலபாமா மாநிலத்தில் மான் பருவம் பிப்ரவரி 10 வரை நீள்கிறது. அதன் பல பகுதிகளில் கலைமான்கள் பிணைகளைத் தேடி அலைவதே சனவரியில்தான். இருபதாம் நூற்றாண்டில் மான் அற்றுப்போன இடங்களில் வேறு இடங்களிலிருந்து கொண்டுவந்து விட்ட மந்தைகள் தத்தம் மூலக் காலக்கணக்கையும் உடன் கொண்டுவந்தன. அதனால் ஒரே மாநிலத்துக்குள் ஒரு பகுதியில் நவம்பரிலும் மற்றொன்றில் சனவரியிலும் இணைசேர்கை நிகழ்கிறது. குலுக்கலும் அங்கே இல்லை. தம் ஊரில் பருவம் முடிந்த வடபுலத்தார் இரண்டாம் நவம்பரைத் தேடித் தெற்கே போவதற்கு இதுவே காரணம்.

வடக்கிலும் இரண்டாம் அலை ஒன்று உண்டு. முதல் முறை கருத்தரிக்காத பிணை ஏறத்தாழ 28 நாட்களுக்குப் பின் மீண்டும் வேட்கை கொள்ளும். தீனி செழித்த சோள நாட்டில் ஆறேழு மாதக் குட்டிகள்கூடத் திசம்பரில் பருவமடைந்துவிடுகின்றன. ஆனால் வேட்டைக்காரர் சொல்லும் அளவுக்கு இந்த இரண்டாம் அலை பெரியதன்று. நவம்பரைப்போல் கலை மதிமறந்து ஓடிவரும் என்று நம்பி எல்லை தாண்டியவர் வெறுங்கையோடு திரும்புவதே மிகுதி.

கொம்பைப் பற்றிய ஒரு சிக்கல் இந்தப் பருவத்துக்கே உரியது. ஆட்டுக்கும் மாட்டுக்கும் வாழ்நாள் முழுவதும் நிற்கும் கொம்பு, மானுக்கு ஆண்டுதோறும் முளைத்து உதிரும் எலும்பு. இணைசேர் காலம் கடந்து ஆண்மைச் சுரப்பு வீழ்ந்ததும், திசம்பர் இறுதி முதல் மார்ச் வரை, கொம்பு அடியோடு கழன்று விழுகிறது. விழுந்தபின் தொலைவிலிருந்து பார்த்தால் கலைக்கும் பிணைக்கும் வேற்றுமை தெரியாது. கொம்பற்ற மான் சீட்டு வைத்திருப்பவர் பெரிய பிணை என்று கருதிச் சுட்டு, அருகில் போய்ப் பார்த்தபின் அது வருங்காலத்துப் பெருங்கொம்பன் என்று அறிவது கடைப்பருவத்தின் வழக்கமான வருத்தம். சட்டத்தில் அது பிழையன்று. சீட்டு கேட்பது தலையில் என்ன இருக்கிறது என்பதை மட்டுமே.

மான் விழுந்தபின் எழுத்துவேலை தொடங்குகிறது. சீட்டை அதன் உடலில் கட்டியாக வேண்டும். மறுநாள் நள்ளிரவுக்குள் மாநிலத்துக்குத் தெரிவித்தாக வேண்டும். குடலையும் ஈரலையும் வயலிலேயே நீக்கி உடலைக் குளிரவிடுவது இறைச்சி கெடாமல் இருக்கச் செய்யும் முதல் வேலை. பனிக்காலத்தில் இதற்கு வானிலையே துணை. அதன்பின் உடலை அப்படியே வண்டியில் போட்டு ஊர் போவது முன்னாளில் இயல்பாக இருந்தது, இன்று முடியாது. 1967இல் கொலராடோவில் ஆய்வுக்கூண்டு மான்களிடம் முதன்முதலில் காணப்பட்ட தீராநலிவு நோய் இதற்குக் காரணம். மாடுகளுக்கு வரும் பித்துநோயின் உறவான இது, பிரியான் எனப்படும் திரிந்த புரதத்தால் பரவி, மூளையைக் கடற்பஞ்சு போலத் துளைத்து, மானை எலும்பும் தோலுமாக்கிக் கொல்கிறது, மருந்து இல்லை. மூளையிலும் தண்டுவடத்திலும் செறிந்திருக்கும் அந்தப் புரதம், எறியப்பட்ட கழிவிலிருந்து மண்ணில் இறங்கிப் பல்லாண்டுகள் அழியாது கிடக்கும். அயோவாவின் காட்டு மானில் அது 2013இல் தென்பட்டது. இன்று முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் உள்ளது. மனிதருக்கு அது தொற்றியதாக உறுதியான சான்று இல்லையாயினும், நோய் உறுதிப்பட்ட மானின் இறைச்சியை உண்ண வேண்டாம் என்பதே நாட்டின் நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் அறிவுரை.

ஆகவே மின்னசோட்டாவுக்குத் திரும்புகிறவர், வெளியிலிருந்து முழு உடலைக் கொண்டுவர அம்மாநிலம் விதித்துள்ள தடைப்படி, முதுகெலும்போடும் தலையோடும் இல்லாமல் அறுத்த இறைச்சியையும், தோலையும், மூளைத்தசை ஒட்டாமல் துடைத்த மண்டையோட்டுத் தகட்டோடு கூடிய கொம்பையும் மட்டுமே எல்லை கடத்தலாம். ஊருக்கு ஊர் இருக்கும் இறைச்சி வெட்டுக்கூடங்களில் இந்த வேலை நடக்கும். காட்டு மான் இறைச்சியை விற்பது குற்றம் என்பதால் மிஞ்சியதைத் தானமாகத்தான் தர முடியும்; வேட்டைக்காரர் தரும் மானை அறுத்து உணவுக் கிடங்குகள் வழியே ஏழைகளுக்குச் சேர்க்கும் திட்டம் அயோவாவில் 2003 முதல் இயங்குகிறது. தொலைவிலிருந்து விமானத்தில் வந்தவர்களின் பிணைகள் பல இவ்வாறு வந்த மாநிலத்திலேயே தங்கிவிடுகின்றன. விதியை மீறியவர் தம் ஊருக்குப் போய்த் தப்பிவிடவும் முடியாது; ஒரு மாநிலத்தில் உரிமம் பறிபோனால் மற்ற மாநிலங்களிலும் பறிபோகும்படி 1989இல் மேற்கு மாநிலங்கள் சில தொடங்கிய உடன்படிக்கையில் இன்று ஏறக்குறைய எல்லா மாநிலங்களும் சேர்ந்திருக்கின்றன.

சனவரி 10க்குப் பிறகு துப்பாக்கிகள் பெரும்பாலும் ஓய்ந்துவிடுகின்றன. பனி உருகத் தொடங்கும் பிப்ரவரியிலும் மார்ச்சிலும் அதே வெளிமாநில எண்பலகை தாங்கிய வண்டிகள் சில மீண்டும் பண்ணைச் சாலைகளில் தென்படும். இம்முறை வருகிறவர் உதிர்ந்த கொம்பு பொறுக்க வருகிறவர். மான் படுத்த தென்சரிவுகளிலும் அது தாண்டிய வேலியோரங்களிலும் தலை கவிழ்ந்து நடந்து தேடும் இந்த வேலைக்கு, நிலத்துக்காரரின் இசைவு வேண்டுமே தவிர, உரிமமும் குலுக்கலும் புள்ளியும் காத்திருப்பும் எதுவும் வேண்டியதில்லை.